மாத இறுதி இரவில் வரும் ஐந்து வரிகள்: வலுசக்தி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வலுசக்தி அமைச்சர் அவர்களுக்கும், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் தலைவருக்கும் பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து இதை எழுதுகிறேன். ஆறு ஏக்கர் வயல் செய்கிறேன். எங்கள் வட்டையின் (வயல்வெளியின்) விவசாயிகள் அமைப்புக்கு ஒன்பது வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். அதற்கு முன்னர் இருபத்திரண்டு வருடம் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினேன். அதில் பாதிக் காலம், கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடையின் பின்பக்கம் நின்று மண்ணெண்ணெய் அளந்து கொடுத்ததில் போனது. பீப்பாய் வந்த அன்று எத்தனை லீற்றர் வரவு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தது, அளக்கும்போது சிந்தியதும் ஆவியாகிப் போனதும் எவ்வளவு என்று அன்றன்று மாலை இருப்புப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடாமல் வீட்டுக்குப் போக முடியாது. மூன்று போத்தல் குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். அந்தப் பழக்கம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எரிபொருளை மலிவாகத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இல்லாத பணத்தில் மலிவாக விற்றதன் முடிவை 2022 இல் வரிசையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். நாங்கள் கேட்பது கணக்கு. ஒரு லீற்றரின் விலை எப்படி வந்தது என்ற கணக்கு, அது மாறுவதற்கு முன்னர், எங்கள் மொழியில் எங்கள் கைக்கு வர வேண்டும்.

மாதத்தின் கடைசி நாளன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஊருக்கு வந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கைப்பேசியில் ஐந்து வரிகள் வரும்: ஒக்டேன் 92, ஒக்டேன் 95, ஓட்டோ டீசல், சுப்பர் டீசல், மண்ணெண்ணெய். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு விலை. நள்ளிரவு முதல் அமுலுக்கு வரும் என்று கீழே ஒரு குறிப்பு. (வரி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் இருப்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.) விலை கூடியிருந்தால், கோப்பையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுப் பையன்கள் எழும்பி மோட்டார் சைக்கிளில் பெற்றோல் செட்டுக்குப் பறப்பார்கள்; போய்ச் சேரும்போது சில இடங்களில் விளக்கு அணைந்து குறுக்கே சங்கிலி கட்டியிருக்கும். குறைந்திருந்தால் ஒருவரும் எழும்புவதில்லை. கூடியது ஏன், குறைந்தது ஏன் என்பதற்கு அந்த ஐந்து வரிகளில் ஒரு சொல்லும் இராது.

2025 ஜூன் மாத இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாதம் 13 ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. உலகம் எரிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கடந்துபோகும் ஹோர்மூஸ் நீரிணை அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில், உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் மசகு எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 80 டொலரைத் தொடும் அளவுக்கு ஏறியது. 24 ஆம் திகதி போர் நின்றதும் அது 70 டொலருக்குக் கீழே இறங்கிவிட்டது. அதன்பின் ஆறு நாள் கழித்து, 30 ஆம் திகதி நள்ளிரவு, டீசல் 274 ரூபாயிலிருந்து 289 ஆகவும், ஒக்டேன் 92 பெற்றோல் 293 இலிருந்து 305 ஆகவும், மண்ணெண்ணெய் 178 இலிருந்து 185 ஆகவும் கூடின. சிறுபோக அறுவடைக்கு வெட்டு மெசின் பேசி முற்பணமும் கொடுத்துவிட்டு நாங்கள் நின்ற நேரம் அது. மறுநாள் காலை வாய்க்கால் கட்டில் என்னை மறித்த ஒரு தம்பி கேட்டான்: “ஐயா, சண்டை முடிஞ்சி எண்ணெய் விலையும் இறங்கிட்டு எண்டுறாங்க, நமக்கு மட்டும் என்னெண்டு ஏறின?”

நான் எனக்குத் தெரிந்த அளவில் விளங்கப்படுத்தினேன். நாம் வாங்குவதில் பெரும்பகுதி சுத்திகரித்து வரும் எரிபொருள். அதற்கு அடிப்படை சிங்கப்பூர்ச் சந்தைக்குப் பிளாட்ஸ் என்ற விலைத் தகவல் நிறுவனம் நாள்தோறும் வெளியிடும் விலை. போர் நடந்த நாட்களில் விலை பேசிய கப்பலின் செலவு மாத இறுதியில்தான் நம்முடைய தலையில் இறங்கும். ஆகவே சந்தையில் இன்று இறங்கியது நமக்கு இன்னொரு மாதம் கழித்தே தெரியும். தம்பி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நான் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது என் ஊகம். உண்மையான கணக்கு கொழும்பில் ஒரு மேசையில் இருந்தது. அதைத் தெரிந்தவர்கள் பேசவில்லை, தெரியாத நான் வாய்க்கால் கட்டில் நின்று உங்கள் சார்பில் பேசிக்கொண்டிருந்தேன்.

2018 மே மாதத்தில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர விலைச் சூத்திரத்தைக் கொண்டுவந்தபோது அதற்கு நான்கு பகுதிகள் இருந்தன: துறைமுகத்தில் இறக்கிய விலை, கையாளும் செலவு, நிர்வாகச் செலவு, வரி. ஆட்சி மாறியதும் சூத்திரம் கைவிடப்பட்டது. 2022 மே 24 அன்று வேறு வழியின்றித் திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் தொடங்கிய திட்டம், செலவுக்கேற்ற விலை என்பதை நிபந்தனையாகவே ஆக்கியது. எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் வரியைப் பற்றிப் பேசுவதும், ஆட்சிக்கு வந்தபின் சூத்திரத்தைப் பற்றிப் பேசுவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. அதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. சூத்திரம் இருப்பது நல்லது. ஆனால் நான்கு பகுதிக்கும் நேரே இந்த மாதம் எந்தத் தொகையைப் போட்டீர்கள் என்று சொல்லாத சூத்திரம், விடையை மட்டும் எழுதி வழியைக் காட்டாத பிள்ளையின் கணக்குக்குச் சமம். என் காலத்து வாத்தியார் அதற்குப் புள்ளி போட மாட்டார்.

வழியை நானே கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலகச் சந்தையில் பீப்பாய்க்கு 10 டொலர் கூடும்போது லீற்றருக்கு ஏறத்தாழ 19 ரூபாய் கூட வேண்டும், 10 டொலர் குறைந்தால் அதே 19 ரூபாய் குறைய வேண்டும். இது எந்த விவசாயியும் கைப்பேசியில் தட்டிப் பார்க்கக்கூடிய கணக்கு. இதே கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. 90 டொலருக்கு வாங்கிய ஒரு பீப்பாயை எடுங்கள். டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் அதில் லீற்றருக்கு விழுவது 113 ரூபாய். 2022 மே மாதத்தில் இருந்ததுபோல டொலர் 360 ரூபாயானால் 204 ரூபாய். அரேபியாவில் ஒருவரும் விலையைக் கூட்டாமல், ரஷ்யா உக்ரேனுக்குள் ஒரு குண்டும் போடாமல், நம்முடைய ரூபாய் விழுந்ததால் மட்டுமே லீற்றருக்கு 91 ரூபாய் ஏறுகிறது. அந்த வருடம் மேடைகளில் உலகச் சந்தையையும் உக்ரேன் போரையும் பற்றிக் கேட்டது அதிகம். ரூபாயைப் பற்றிக் கேட்டது குறைவு. போர் ஒரு காரணம்தான். 2022 மார்ச்சில் பிரெண்ட் 139 டொலர் வரை போனதை மறுக்க முடியாது. ஆனால் எந்தக் காரணம் எத்தனை ரூபாய் என்று பிரித்துக் காட்டினால்தானே யாரைக் கேள்வி கேட்பது என்று குடிமக்களுக்குத் தெரியும்?

உலக எண்ணெய் வணிகத்தில் நமக்கு எந்தப் பிடியும் இல்லை என்பதை நான் அறிவேன். 1960 இல் பக்தாத்தில் ஐந்து நாடுகள் கூடி எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கைத் தொடங்கியபோதும், 1973 இல் மூன்று டொலர் எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டொலரை நெருங்கியபோதும், 2022 ஒக்டோபரில் ஒபெக்கும் ரஷ்யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தபோதும் யாரும் நம்மைக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் எண்ணெய்க்கு ஏற்ப அமைந்தது. 2012 இல் ஈரான் மீது அமெரிக்கத் தடை இறுகியபோது அந்த எண்ணெய் நமக்கு நின்றது. ஏற்கெனவே வாங்கியதற்கான 25 கோடி டொலர்க் கடனைத் தேயிலையாகத் திருப்பிக் கொடுக்க 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தோம். வாஷிங்டனும் தெஹ்ரானும் பிணங்கினால் மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் கூடை வரை அது வந்து சேர்கிறது. இவற்றுக்காக அமைச்சரை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் லீற்றருக்கு 50 ரூபாய் என்று ஒரு தொகை இருக்கிறது. அது வாஷிங்டனிலிருந்தும் வரவில்லை, தெஹ்ரானிலிருந்தும் வரவில்லை. கூட்டுத்தாபனத்தின் பழைய கடனாகத் திறைசேரி பொறுப்பேற்ற 884 பில்லியன் ரூபாயைத் தீர்ப்பதற்காக ஒவ்வொரு லீற்றரிலும் 50 ரூபாய் அறவிடப்படுகிறது என்பதை 2025 இல் அரசாங்கமே சொன்னது. என்னுடைய சிறு கணக்கில் போட்டுப் பார்த்தால், டொலர் 300 ரூபாயாக இருக்கும்போது லீற்றருக்கு 50 ரூபாய் என்பது பீப்பாய்க்கு ஏறத்தாழ 26 டொலர். அதாவது உலகச் சந்தையில் எண்ணெய் 65 டொலருக்கு இறங்கினாலும் நாங்கள் 91 டொலருக்கு வாங்குவதுபோல் வாங்குகிறோம். கடன் என்றால் கட்டத்தான் வேண்டும். கூட்டுறவுக் கடையில் கடன் சிட்டை எழுதியவனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் கடன் சிட்டையில் ஒவ்வொரு மாதமும் கட்டிய தொகையும் மீதியும் எழுதிக் கடன்காரனிடம் காட்டுவோம். 884 பில்லியனில் நாங்கள் இதுவரை எவ்வளவு கட்டிவிட்டோம்? மீதி எவ்வளவு? இதே வேகத்தில் எந்த வருடம், எந்த மாதம் முடியும்? முடிந்த மறுநாள் அந்த 50 ரூபாய் விலையிலிருந்து கழியுமா, அல்லது வேறு பெயரில் அங்கேயே இருக்குமா?

இந்தக் கடன் யார் வாங்கிய கடன் என்பதையும் ஒரு தடவை பேசிவிடுவது நல்லது. தேர்தலுக்குத் தேர்தல் நட்டத்துக்கு விற்றதில் ஒரு பங்கு எங்களுடையதும்தான். மலிவாகக் கிடைத்தபோது நாங்களும் வாங்கினோம், கைதட்டினோம். ஆனால் மின்சார சபையும் தேசிய விமான சேவையும் வாங்கிய எண்ணெய்க்குக் காசு கட்டாமல் வருடக்கணக்கில் இழுத்தன. எங்கள் வட்டையில் உழவு மெசினுக்கு டீசல் அடிக்கிறவர்களில் மிகப் பலர் விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்கள். 2007, 2008 ஆம் ஆண்டுகளில் எண்ணெய் இன்னும் ஏறும் என்று நம்பிக் கூட்டுத்தாபனம் வெளிநாட்டு வங்கிகளுடன் விலைக்காப்பு ஒப்பந்தங்கள் செய்தது; விலை ஏறினால் வங்கி கொடுக்கும், இறங்கினால் நாம் கொடுக்க வேண்டும். 2008 ஜூலையில் 147 டொலரைத் தொட்ட எண்ணெய் அவ்வருட டிசம்பரில் 40 டொலருக்குக் கீழே விழுந்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 16 கோடி டொலருக்கு மேல் கொடுக்குமாறு 2011 இல் லண்டன் நீதிமன்றமும், டொய்ச்ச வங்கிக்கு 6 கோடி டொலர் கொடுக்குமாறு 2012 இல் சர்வதேச நடுவர் மன்றமும் தீர்ப்பளித்தன. அந்த ஒப்பந்தங்களில் கையொப்பமிட்ட பேனையை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

கூட்டுத்தாபனத்தின் பிறப்பை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அது உருவானது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் கையிலிருந்த விநியோகத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதற்காக 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இந்த நாட்டுக்கான உதவியை நிறுத்தியது. ஒரு சிறிய தீவு அவ்வளவு பெரிய கோபத்தைத் தாங்கிக்கொண்டது, எரிபொருள் பொதுமக்களின் சொத்தாக இருக்க வேண்டும் என்பதற்காக. இப்போது 2003 இல் வந்த இந்திய நிறுவனமும், 2023 இல் வந்த சீன நிறுவனமும் சந்தையில் இருக்கின்றன. ஷெல்லின் பெயர்ப்பலகையும் திரும்பி வந்திருக்கிறது. அவையெல்லாம் பெரும்பாலும் கூட்டுத்தாபனத்தின் விலையை ஒட்டியே தங்கள் விலையை வைக்கின்றன. தனியார் கம்பனி இலாபக் கணக்கைத் தன் பங்குதாரருக்குக் காட்டினால் போதும் என்று வாதிடலாம். கூட்டுத்தாபனத்தின் பங்குதாரர் யார்? நாங்கள்தானே?

கணக்குக் காட்டுவதால் என்ன நடக்கும் என்று நான் ஒரு நாள் பார்த்தேன். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2022 பெரும்போக அறுவடை முடிந்துகொண்டிருந்த மார்ச் மாதத்தில் ஒரே இரவில் டீசல் 121 ரூபாயிலிருந்து 176 ஆனது. ஏப்ரல் 19 அன்று 289. மே 24 அன்று 400. ஜூன் 26 அன்று 460. விலையைவிட மோசமானது, அந்த விலைக்கும் கிடைக்காதது. சிறுபோக நெல் தலை சாய்ந்து நின்றது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வரவேண்டிய வெட்டு மெசின்கள் அங்கேயே தாங்கி வற்றிக் கிடந்தன. டீசல் கொண்டுவந்தால் வெட்டித் தருகிறோம் என்றார்கள் மெசின்காரர்கள். கமநல சேவை நிலையத்தில் பெயர் எழுதி, ஏக்கர்க் கணக்கில் துண்டு வாங்கி, கலனோடு போய் நின்றோம். மூன்றாம் இரவு என்னுடைய கலன் நாற்பத்தேழாவது. எல்லாக் கலன்களின் கைப்பிடியிலும் ஒரே கயிறு கோத்திருந்தது, யாரும் முந்திவிடக் கூடாது என்று. எண்ணெய் ஏற்றிய பவுசர் வந்தது விடியற்காலை நான்கு மணியளவில். இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு முடிந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான், சனம் கொதித்தது. பின்கதவால் போகிறது, லொறிக்காரனுக்கு விற்றுவிட்டான், பொலிசுக்குப் பங்கு என்று ஆளுக்கொரு கதை. செட்டின் கண்ணாடியில் ஒரு கல்லும் விழுந்தது.

அப்போது பம்பில் நின்ற ஒரு வயதானவர், முதலாளியைக் கேட்காமலேயே, நிலக்கீழ்த் தாங்கியின் மூடியைத் திறந்து அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தார். முன்வரிசையில் நின்ற எங்களைக் கூப்பிட்டு, ஈரம் எதுவரை இருக்கிறது என்று விளக்கைப் பிடித்துக் காட்டினார். அடியில் நான்கு விரல்கூட இல்லை. பிறகு பவுசர் துண்டை எடுத்து வந்து, வந்தது இத்தனை லீற்றர், வைத்தியசாலைக்கு ஒதுக்கியது இத்தனை, பஸ்ஸுக்கு இத்தனை, உங்களுக்குத் தந்தது இத்தனை என்று சத்தமாக வாசித்தார். கோபம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரும் இன்னொரு கல்லை எடுக்கவில்லை. கயிற்றை அவிழ்க்காமல் கலன்களை அப்படியே விட்டுவிட்டு, வரிசை கலையாமல் வீடுகளுக்குப் போனோம். அந்த முதியவருக்கு அதற்காக முதலாளியிடம் ஏச்சு விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலை கூடியபோது சிலாபத்தில் ஆர்ப்பாட்டம் செய்த மீனவர்களில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 ஏப்ரல் 19 அன்று, டீசல் 289 ரூபாயான அதே நாளில், ரம்புக்கனையில் பொலிசார் சுட்டதில் ஒருவர் இறந்தார். இருவரும் சிங்கள ஊர்களைச் சேர்ந்தவர்கள். அந்த வரிசையிலும் வெயிலிலும் எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் அது 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் படிப்படியாக ஏறுவதற்கு நான்கு மாதம் கிடைத்தது. வாவியிலும் கரையோரத்திலும் சிறு எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் போகிறவனுக்கு ஓர் இரவு மட்டுமே கிடைத்தது. என் மைத்துனர் அடுத்த வாரமே எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, சவள் வலித்து வாவிக்குள் போனார். ஐம்பத்தாறு வயதில். கடலுக்குப் போகாததால் மீனும் குறைந்தது, வருமானமும் குறைந்தது. நட்டத்துக்கு விற்க முடியாது என்ற நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த நட்டத்தை ஏன் அத்தனை மாதம் சேர்த்துவைத்து ஒரே நாளில், நாட்டிலேயே மிகக் குறைந்த குரல் உள்ளவர்கள் மீது கொட்டினீர்கள் என்பதற்கு மட்டும் எந்த அறிவிப்பிலும் பதில் இருக்கவில்லை.

இன்னொரு கணக்கையும் இந்த மாகாணத்தில் இருப்பவன் என்ற உரிமையில் கேட்க வேண்டும். மட்டக்களப்புக்கு எரிபொருள் கொழும்பை அடுத்த கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து ரயில் தாங்கிகளில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறது. 2024 ஒக்டோபர் 18 அதிகாலை அந்த ரயில் மின்னேரியாவுக்கு அருகே யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. இரண்டு யானைகள் செத்தன, எண்ணெய் தண்டவாளத்தில் ஓடியது. அதே நேரத்தில், எங்கள் மாகாணத்திலேயே, திருகோணமலை சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 தாங்கிகள் இருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி அவற்றில் 24 கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, 61 இரண்டுக்கும் பொதுவான கம்பனிக்கு. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து திருகோணமலையை வலுசக்தி மையமாக்கப் போவதாகக் கைச்சாத்தும் நடந்தது. நல்லது. பெரிய நாடுகள் வந்து பார்க்கும் தாங்கிகளிலிருந்து பக்கத்து மாவட்டமான எங்களுக்கு என்ன வரப்போகிறது? யானைகளின் நடுவே ஓடிவரும் ரயிலின் கூலி குறையுமா? குறைந்தால் அது விலைச் சூத்திரத்தின் எந்த வரியில் தெரியும்?

நாங்கள் கேட்பது இந்த நாட்டில் இல்லாத ஒரு புதுமையும் அல்ல. மின்கட்டணத்தை மாற்ற வேண்டுமானால், அந்தக் கோரிக்கை எண்களோடு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஆணைக்குழு அதை மக்கள் முன் வைத்து எழுத்தில் கருத்துக் கேட்கிறது. மாகாணங்களில் அமர்வு வைத்து வாய்மொழியாகவும் கேட்கிறது. 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றாமல் வைக்கவே மின்சார சபை கேட்டது. கணக்கைப் பார்த்த ஆணைக்குழு சராசரியாக 20 வீதம் குறைத்தது. அதே ஆணைக்குழுதான் ஜூனில் 15 வீதம் கூட்டியும் தந்தது. கூடியபோது எங்களுக்குக் கசந்தது; ஆனால் ஏன் என்று வாசிக்க ஆவணம் இருந்தது. வீட்டில் எரியும் மின்குமிழுக்கு உள்ள இந்த மரியாதை, வயலில் ஓடும் எஞ்சினுக்கு ஏன் இல்லை? எண்ணெய் விலை மாதாமாதம் மாறுவதால் ஒவ்வொரு மாதமும் அமர்வு வைக்க முடியாது என்பீர்கள். சரி. மாதாமாதம் கணக்குத் தாளை வெளியிடுங்கள். சிங்கப்பூர் விலையின் சராசரி, கப்பல் கூலி, டொலர் வீதம், வரி ஒவ்வொன்றும், கடனுக்கான 50 ரூபாய், விற்பனையாளர் தரகு, கடைசியில் மொத்தம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். விலை மாறுவதற்கு மூன்று நாள் முன்னரே அது எங்கள் கையில் இருக்கட்டும். பதுக்குவார்கள் என்று அஞ்சினால், இறுதி விலையை மட்டும் நள்ளிரவுக்கு வைத்துக்கொண்டு, கணக்கு முறையையும் சென்ற மாதத் தாளையுமாவது முன்கூட்டித் தாருங்கள். கடனின் மீதியும், கையாளும் செலவும், நிர்வாகச் செலவும் மாதத்துக்கு மாதம் துள்ளுகிறவை அல்ல. அவற்றை வருடத்துக்கு ஒரு தடவை ஆணைக்குழுவின் முன் வைத்து, ஓர் அமர்வைக் கிழக்கிலும் நடத்துங்கள்.

இவற்றையெல்லாம் தமிழில் தாருங்கள் என்று தனியாக எழுத வேண்டியிருப்பதே சங்கடமாக இருக்கிறது. சிங்களத்தில் வந்ததை மூன்றாம் நாள் தமிழாக்கும்போது பிழைபட்டுப்போன அறிவிப்புகளை வைத்து நாங்கள் கூட்டங்களில் சண்டை பிடித்திருக்கிறோம்.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டீசல் வேண்டியிருப்பது வருடம் முழுவதும் ஒரே மாதிரி அல்ல. மழைக்கு முன் உழவு, தை மாசியில் பெரும்போக வெட்டு, சித்திரையில் மீண்டும் உழவு, ஆடி ஆவணியில் சிறுபோக வெட்டு. வெட்டுக் கூலியை மெசின்காரரோடு வெட்டுக்கு ஒரு மாதம் முன்னரே பேசிவிடுகிறோம். 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரியோடு டீசல் 358 ரூபாயானபோது நெல் பழுத்துக்கொண்டிருந்தது. பேசிய கூலிக்கு வெட்ட முடியாது என்று மெசின்காரர் நின்றுகொண்டார், அவரைப் பிழை சொல்லவும் வழியில்லை. பின்னர் விலை இறங்கியபோது கூலி இறங்கவில்லை. மெசின்காரர் கேட்ட கேள்வி நியாயமானது: “நாளைக்கு ஏறாது எண்டு நீங்க எழுதித் தருவீங்களா?” எழுதித் தர என்னால் முடியாது. உங்களால் ஓரளவு முடியும். அறுவடை மாதங்களிலாவது, விவசாய டீசலின் விலையை ஒரு போகத்துக்கு ஒரு தடவை நிர்ணயித்து, வித்தியாசத்தை அடுத்த போகத்தில் சரிசெய்யும் முறையை உங்கள் அதிகாரிகள் எழுதிப் பார்க்கட்டும். மானியம் வேண்டாம், அதே காசை நேர ஒழுங்கில் கட்டுகிறோம். கணக்கில் அது சாத்தியமில்லை என்றால், சாத்தியமில்லை என்று காட்டும் தாளைத் தாருங்கள். நான் வாசித்து ஊராருக்குச் சொல்கிறேன்.

சிறுபோக வெட்டு முடிந்து நெல்லைக் காயப்போட்டபின், விதைப்புக் கூட்டத்துக்கு முன், எங்களுக்கு மூன்று நான்கு வாரம் ஓய்வு கிடைக்கும். வாவியின் இந்தக் கரையில் ஒரு பல்நோக்கு மண்டபம் இருக்கிறது. மின்விசிறி இரண்டுதான் ஓடும், ஆனால் இருநூறு பேர் இருக்கலாம். கரையோர ஊர்களின் மீனவர் சங்கங்களுக்கும், அம்பாறைப் பக்கத்து மெசின்காரர்களுக்கும் நான் சொல்லி அனுப்புகிறேன். அமைச்சர் அவர்கள் நேரில் வர முடியாவிட்டால், விலைக் கணக்கைப் போடும் அதிகாரிகளில் ஒருவரை அந்த மாதத்துத் தாளோடு அனுப்பிவையுங்கள். 2018 முதல் ஒவ்வொரு விலை மாற்றத்தையும் திகதியோடு எழுதிவைத்திருக்கும் என்னுடைய கொப்பியை நான் கொண்டுவருகிறேன். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
விவசாயிகள் அமைப்பு,
படுவான்கரை, மட்டக்களப்பு.